ஃபோர்மேன் பதவி வந்தால் ஒத்துக்கொள்வதற்கு முன்

கோவை கணபதியில் மோட்டார் ஸ்டாம்பிங் டை, அதாவது மோட்டாருக்கான தகடுகளை வெட்டும் அச்சு, செய்யும் டூல் ரூமில் வேலை செய்கிறேன். இதற்கு முன் இருந்த தொழிற்சாலையில் 3 ஆண்டுகள் ஃபோர்மேனாக இருந்து, நானே கேட்டு மறுபடியும் டை வேலைக்கு வந்தவன். "ஃபோர்மேன் ஆகச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் அண்ணா?" என்று கேட்டு வரும் தம்பிகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடனே பதில் சொல்லாதீர்கள். இப்போதைய ஃபோர்மேன் விடுப்பில் போகும் நாட்களில் பொறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதுவும் கோடையில் பாருங்கள். பம்புக்கு ஆர்டர் குவியும் அந்த நாட்களில்தான் ஊர் ஊராக மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டுவார்கள். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் விடுப்புக் கேட்டு நிற்பார்கள். யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது, நிறுத்தியவன் முகத்தில் மறுநாள் எப்படி விழிப்பது என்பதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி.

அடுத்து, இளையவன் ஒருவன் தடுமாறும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். எனக்கு விடை கிடைத்தது அங்கேதான். அரை மில்லிமீட்டர் சிலிக்கான் எஃகுத் தகட்டை வெட்டும் டையில், மேலிருந்து இறங்கி வெட்டும் 'பஞ்ச்' என்ற பாகத்துக்கும் கீழே இருக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்கு ஏறக்குறைய 0.025 மி.மீ. இடைவெளிதான் விடுவோம். அது ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம் பிசிறு எழும். விரல் நுனியை விளிம்பில் ஓட்டினாலே தெரியும். ஒரு பையன் பூட்டிய டையில் அப்படிப் பிசிறு வந்தது. நான் அவனை நகரச் சொல்லிவிட்டு, இரவு ஒன்பது மணி வரை நானே கழற்றிச் சரிசெய்தேன். அவன் கைகட்டி நின்றான். வீட்டுக்குப் போகும்போது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்தப் பையனை நினைத்தபோதுதான் சுருக்கென்றது.

எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் அதே பையனிடம், "எந்தப் பக்கம் பிசிறு அதிகம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். முக்கால் மணி நேரம் கருவியைத் தொடவே இல்லை. பஞ்ச் ஒருபுறம் தள்ளியிருப்பதைப் பையனே கண்டுபிடித்தபோது, அவனைவிட அவர் முகம்தான் மலர்ந்தது. அப்படிப்பட்டவர் ஃபோர்மேன் ஆகட்டும். நான் அதை மனதாரச் சொல்கிறேன். அது டை செய்வதைவிடத் தாழ்ந்த வேலை அல்ல.

சம்பளத்தை மாதக் கணக்கில் ஒப்பிடாதீர்கள், 12 மாதச் சம்பளச் சீட்டையும் கூட்டிப் பாருங்கள். தொழிலாளிக்குக் கூடுதல் நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. மேற்பார்வைப் பதவியில் பெரும்பாலும் கிடையாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் சட்டப்படி தொழிலாளி என்ற வரையறைக்குள்ளும் வரமாட்டார். 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அப்படித்தான்.

தனியாக லேத் பட்டறை போடலாமே என்று மாமன் மச்சான்கள் சொல்வார்கள். அது கடன், இடம், ஜாப் ஆர்டர் என்று வேறு கணக்கு. இதோடு குழப்ப வேண்டாம்.

சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கேளுங்கள். ஆட்களை நிர்வகிக்காமலே முதன்மைப் பொறியாளர் வரை உயரும் வழி பல நிறுவனங்களில் இருக்கிறது. நம் டூல் ரூம்களில் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்: முதுநிலை டை மேக்கர் என்று ஒரு கிரேடு, ஃபோர்மேனுக்கு இணையான சம்பளம். கேட்டதும் தரமாட்டார்கள். நீங்கள் செய்த டைகள் எத்தனை லட்சம் அடி தாங்கின என்ற பதிவேட்டோடு போய்க் கேளுங்கள்.

பதவியை ஏற்பதென்றால், திரும்பி வரும் வழியை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு வாய்வார்த்தைதான் கிடைத்தது; அதைச் சொன்ன மேலாளர் வேலை மாறிப் போனார், நான் ஒரு கிரேடு இறங்கித்தான் டைக்குத் திரும்பினேன். "ஓராண்டுக்குப் பின் நான் விரும்பினால், இப்போதைய கிரேடு குறையாமல் டூல் ரூமுக்குத் திரும்பலாம்" என்ற வரி உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கட்டும். கையெழுத்தான நகல் கைக்கு வந்த பிறகு சாவிக்கொத்தை வாங்குங்கள்.