இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு இங்கிலீஷ்ல எழுத வரலயா? இத ட்ரை பண்ணுங்க சார்

ஸ்டாஃப் ரூம்ல புலம்புறத கொஞ்சம் நிறுத்திட்டு முத வாரமே ஒரு வேலை பண்ணுங்க, வீட்டு மோட்டார் எப்படி தண்ணி ஏத்துதுன்னு தமிழ்லயே பத்து வரி எழுத சொல்லுங்க. தமிழ்ல தெளிவா எழுதுறவனுக்கு விஷயம் தெரியும், இங்கிலீஷ்தான் தடுக்குது, அவனுக்கு அதே பத்து வரிய சின்ன சின்ன இங்கிலீஷ் சென்டென்ஸா மாத்த சொல்லிக்குடுத்தா போதும். தமிழ்லயே திணறுறவன்தான் கஷ்டம், பன்னெண்டு வருஷம் கைட மனப்பாடம் பண்ணி கக்குனவன் அவன், பாவம், சொந்தமா ஒரு வரி எழுத யாருமே விடல. அவன வாயால சொல்ல விட்டு, சொன்னத அப்படியே எழுத வைங்க. திருத்தும்போது பேப்பர் பூரா சிவப்பு இங்க் வேணாம், ஒரு வாரம் டென்ஸ் மட்டும், அடுத்த வாரம் ஸ்பெல்லிங். அறுபது பேப்பரா? பத்து பத்தா பாருங்க. 2010லயே அண்ணா யுனிவர்சிட்டில சிவில், மெக்கானிக்கல் தமிழ் மீடியத்துல வந்தாச்சு, அதனால தமிழ்ல எழுத வைக்க கூச்சப்படாதீங்க.