புது கணினி வாங்கும்வரை பழைய டெஸ்க்டாப்பை வேகமாக ஓட்டுவது எப்படி?

எட்டு, ஒன்பது வருடம் உழைத்த டெஸ்க்டாப் இன்னும் ஓடுகிறது, ஆனால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்த தலைமுறை பிராசசர் வந்ததும் மொத்தமாக மாற்றிவிடலாம் என்று முடிவும் செய்தாயிற்று. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலைதான் இது.

செலவு செய்வதற்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாங்கும் பாகம் நாளைக்குப் புது கணினிக்கும் கூடவே வர வேண்டும். வராது என்றால், கையைக் கடிக்காத விலையில் கிடைக்க வேண்டும். இந்த இரண்டிலும் சேராத எதையும் வாங்காதீர்கள்.

எது இழுக்கிறது என்று பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், வழக்கமாகத் திறக்கும் நிரல்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு கவனியுங்கள்.

சிபியூ (பிராசசர்) சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டி நிற்கிறதா? ஹார்ட் டிஸ்க்தான் தடை. மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டுகிறதா? ராம் போதவில்லை. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது: ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், அப்போது டிஸ்க்கும் 100-க்குப் போகும். அதனால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

அதே மெமரி பக்கத்தின் கீழே ராம் மாட்டும் ஸ்லாட் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் மதர்போர்டின் மாடல் பெயர் கிடைக்கும். அதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள். இனி வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

தூசி தட்டுவது

காசு செலவில்லாத வேலை, அதனால் இதை முதலில் செய்யுங்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரம் சிப்புகளைப் பதம் பார்த்துவிடும்.

சிபியூ ஃபேனுக்கும் அதன் கீழே உள்ள ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவில் எட்டிப் பாருங்கள். பல வருடத் தூசி அங்கே பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும். ஃபேன் சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. பிராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மென்மையான பிரஷ்ஷால் கிளறிவிட்டு, காற்றடித்து வெளியேற்றுங்கள். அப்படி அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். ஹீட் சிங்க்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை (பிராசசரின் வெப்பத்தை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தே ஆக வேண்டும். வெப்பம் கட்டுக்குள் இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம்.

எஸ்எஸ்டி: முதல் செலவு இதற்குத்தான்

இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான் விண்டோஸ் ஓடுகிறது என்றால், வேறு எதைப் பற்றியும் யோசிக்கவே வேண்டாம். சுழலும் டிஸ்க்கில் ஒரு கோப்பைத் தேடி ஊசி நகர்ந்து போய்ச் சேரவே 10 மில்லிநொடி வாக்கில் ஆகிவிடும். சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது, வித்தியாசம் அங்கேதான் தெரியும். பழைய போர்டில் சாட்டா 2 (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய தலைமுறை இணைப்பு) போர்ட்தான் இருக்கிறது, முழு வேகம் வராது என்று தயங்காதீர்கள். அதிலும் நன்றாகவே உணர முடியும்.

எதை வாங்குவது? மேனுவலில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைக் கேபிள் இல்லாமல் நேராக மதர்போர்டில் மாட்டும் இடம்) இருக்கிறதா, அது என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி) வகையை ஏற்குமா, அதிலிருந்து பூட் ஆகுமா (கணினி தொடங்குமா) என்று மூன்றையும் பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் என்விஎம்இ வாங்குங்கள், அதுதான் புது கணினிக்கும் பொருத்தம். இல்லையென்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. சாட்டா போர்ட் உள்ள எந்தக் கணினியிலும் பொருந்தும், பின்னாளில் புது கணினியில் இரண்டாவது டிரைவாகவும் இருக்கும். 500 ஜிபி தாராளம். பல எஸ்எஸ்டி பெட்டிகளில் சாட்டா கேபிள் வராது, அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை எக்ஸ்டர்னல் டிரைவில் நகல் எடுத்து, அங்கிருந்து இரண்டு மூன்றைத் திறந்தும் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்க்கலாம். மஞ்சள் நிறம் காட்டினால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம்.

எந்த இயங்குதளம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். பிராசசர் தகுதியானதாக இருந்தும் டிபிஎம் இல்லை என்று வந்தால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) பாருங்கள், பல போர்டுகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தகுதியே இல்லாத கணினிக்கு என் பரிந்துரை லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். பென்டிரைவில் போட்டு, எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சரி, இனி மாட்டலாம். சாட்டா கேபிளின் முனை எல் வடிவத்தில் இருக்கும், ஒரு பக்கமாகத்தான் நுழையும். நுழையவில்லை என்றால் திருப்பிப் பிடியுங்கள், அழுத்தாதீர்கள். ஒரு முனை எஸ்எஸ்டியில், மறுமுனை மதர்போர்டில். பவர் சப்ளையிலிருந்து வரும் அகலமான கனெக்டர் எஸ்எஸ்டியில் பக்கத்திலேயே மாட்டும்.

அடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் நிறுவி பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிட வாய்ப்புண்டு, பின்னால் அந்த டிஸ்க்கை எடுத்தால் கணினி தொடங்காது. பயாஸில் சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று இருக்கட்டும். 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலரைப் போட்டுப் புதிதாகவே நிறுவுங்கள். பழையதை அப்படியே குளோன் செய்தால் பல வருடக் குப்பையும் கூடவே வரும். நிறுவி முடித்ததும் பழைய டிஸ்க்கை மாட்டி, பயாஸில் எஸ்எஸ்டியை முதல் பூட் டிரைவாக வையுங்கள்.

ராம்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது. டிடிஆர்3 புது கணினிக்கு வரவே வராது. அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குவதே புத்திசாலித்தனம், மாட்டியதும் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை நிரலை ஓட்டி ஓர் இரவு சோதித்தால் போதும். பிரவுசரும் அலுவலக வேலையும் மட்டும் என்றால் 8 ஜிபி சமாளிக்கும், 16 இருந்தால் நிம்மதி. 32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக் போட்டால் டூயல் சேனலில் (இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை) ஓடும். எந்த இரண்டு ஸ்லாட் என்பதை மேனுவல் சொல்லும். ஓரத்து கிளிப்பை விரித்து, வெட்டைப் பொருத்தி, இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். கிளிப் தானே மடங்கி டக்கென்று சத்தம் வர வேண்டும். கணினி ஆன் ஆகியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். கழற்றித் திரும்ப மாட்டுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும்

பழைய சாக்கெட்டுக்கான (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) பிராசசரை வாங்காதீர்கள், புது போர்டில் அது உட்காராது. கேம், வீடியோ எடிட்டிங் என்று இருப்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம், அது கூடவே வரும். ஆனால் மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட்தான். 6 பின் கனெக்டர் இன்னொரு 75 வாட், 8 பின் 150 வாட் தரும். உங்கள் பவர் சப்ளையில் கார்டுக்கு வேண்டிய கனெக்டர் இல்லையென்றால், முதலில் நல்ல ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப்களில் வழக்கமான வகை) பவர் சப்ளை ஒன்றை வாங்குங்கள். பிராண்டட் கணினிகள் சிலவற்றில் தனி வகைக் கனெக்டர் இருக்கும், அதனால் வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து மதர்போர்டில் மாட்டியிருப்பது வழக்கமான 24 பின் கனெக்டர்தானா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.