பல்கலைக்கழகத்தில் புது ஓபரா போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் தமிழ் ஆட்கள் ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம், எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது ட்ரூரோ கப்பல்தான். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து அதில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள், கரும்புத் தோட்டம், காந்தி, நிறவெறி ஆட்சியில் ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டது, கடைசியில் எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்த 1994. எல்லாம் ஒரே ராத்திரியில். வேண்டாம். பேசினால் ஒரு நிமிடத்தில் முடிகிற வசனம் பாடும்போது சாதாரணமாக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும், அதனால் நாடகம் எழுதுகிற நினைப்பில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தால் இசையமைப்பாளர் ஒன்று அவசரமாக ஓட்டுவார், இல்லை பாதியை வெட்டுவார், இரண்டிலும் சண்டைதான். 2010-ல் கேப் டவுன் பல்கலைக்கழகமும் கேப் டவுன் ஓபராவும் ஐந்து தென்னாப்பிரிக்க இசையமைப்பாளர்களிடம் ஆளுக்கு ஒரு இருபது நிமிட ஓபரா எழுதி வாங்கிச் சேர்த்துப் போட்டார்கள். மாணவர்களை வைத்துச் செய்ய அதுதான் சரியான அளவு என்பேன். கப்பல் கதைதான் வேண்டுமா? சரி, பெயர் பதிகிற மேசை முன்னால் ஒரு பெண், கேள்வி கேட்கும் குமாஸ்தா, பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கோரஸ். இருபது நிமிடத்துக்கு இது தாராளம்.

இல்லாத குரலுக்கு எழுதுவது அடுத்த தவறு. ஓபராவில் மைக் கிடையாது, முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும், பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கனம் இன்னும் வந்திருக்காது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் கேட்டு, இந்த வருடம் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்த ஸ்வரம் வசதி என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். இங்கே ஓபரா படிக்க வரும் ஜூலுப் பிள்ளைகளில் நிறையப் பேர் பள்ளியிலும் சர்ச்சிலும் டானிக் சோல்ஃபா, அதாவது டோ-ரே-மி என்று எழுத்தால் ஸ்வரம் குறிக்கும் முறை, பார்த்துப் பாடி வளர்ந்தவர்கள். ஐந்து கோட்டு நோட்டேஷனைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம், அதைத் திறமைக்குறைவு என்று நினைத்து நல்ல பாத்திரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தால் நஷ்டம் இயக்குநருக்குத்தான். நம் பிள்ளைகள் கதை வேறு. கோயிலில் தேவாரம் மைக்கில் பாடிப் பழகியவர்கள், அதையும் ஆங்கில எழுத்தில் படிப்பவர்கள், குறில் எது நெடில் எது என்று அதில் தெரியாது. தமிழ் வரி வைத்தால் சொல்லிக் கொடுக்க ஒரு ஆளையும் ஒலிப்பதிவையும் சேர்த்தே ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, சோப்ரானோ, அதாவது மேல் ஸ்தாயிப் பெண் குரல், உச்சத்தில் பாடும்போது எந்த உயிரெழுத்தும் ஏறக்குறைய ‘ஆ’ மாதிரிதான் கேட்கும், அது அவள் குற்றமில்லை. கதையைத் திருப்புகிற வார்த்தையை அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

அதிகம் பணம் தின்னும் தவறு, பியானோவோடு பாடிப் பார்ப்பதற்கு முன்பே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி முடித்துவிடுவது. பியானோ நிலையில் நான்கு பார் (தாளக் கட்டம்) வெட்ட ஒரு பென்சில் போதும். ஆர்கெஸ்ட்ரா எழுதிய பிறகு வெட்டினால் வயலின் முதல் டிரம் வரை ஒவ்வொருவர் தாளும் மாற வேண்டும். முதல் காட்சி ரெடியானதுமே மாணவர்களை வைத்துப் பாடிப் பாருங்கள், திருத்துங்கள், மறுபடி பாருங்கள். அவர்களிடம் ‘இது மாறும், மனப்பாடம் செய்யாதே’ என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தொண்டையில் பதிந்த பாட்டை அழிப்பது புதுசு கற்பதைவிடக் கஷ்டம். பார்க்க வருகிறவர்களிடம் ‘பிடித்ததா’ என்று கேட்டால் எல்லாரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ‘கதை எங்கே விட்டுப்போச்சு’ என்று கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்ற வீம்பும் வேண்டாம். 2002-ல் இதே டர்பனில் அரங்கேறிய ‘பிரின்சஸ் மகோகோ’ ஓபராவுக்கு இசை மிசிலிகாசி குமாலோ, பிரதி தெம்பா ம்சிமாங், ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியது மைக்கேல் ஹான்கின்சன்.

நாடகத்திலிருந்து வருகிற இயக்குநர்கள் வரிகளை மட்டும் படித்துவிட்டு ஒத்திகைக்கு வந்து நிற்பார்கள். நாடகத்தில் மௌனம் எவ்வளவு என்பது நடிகர் கையில், இங்கே அதை இசையமைப்பாளர் ஏற்கெனவே எண்ணி வைத்துவிட்டார். பாட்டில்லாத எட்டு பார் வந்தால் அதில் என்ன நடக்கிறது என்று உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கஷ்டமான வரி பாடும்போது படி ஏறச் சொல்வது, ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் கண்ணில் படாதபடி பாடகரைத் திருப்பி நிறுத்துவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அலங்காரம். குத்துவிளக்கு, பட்டுச்சேலை, பின்னணியில் ஒரு தபலா, உடனே ‘தமிழ் ஓபரா’. எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்கிறோமே, அந்தத் தெருக்கூத்திலேயே பாத்திரம் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருவதும் கதை சொல்லிக் கேலி செய்யும் கட்டியங்காரன் குறுக்கே பேசுவதும் இருக்கிறது, ஓபரா மேடைக்கு அப்படியே பொருந்தும் விஷயங்கள். ஆனால் வீடியோ பார்த்து எடுத்துக்கொள்ளாதீர்கள். கூத்து ஆடுகிறவரை அழைத்துவாருங்கள், சம்பளம் கொடுங்கள், நிகழ்ச்சி நிரலில் பெயர் போடுங்கள்.

யாருக்கு என்ன உரிமை என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இசையமைப்பாளர், பிரதி எழுதியவர், பல்கலைக்கழகம், ஒத்திகையில் ஒரு மெட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்த மாணவி, எல்லாரும் அதில் வர வேண்டும்.

தேதியையும் யோசித்து வையுங்கள். ஜூனிலும் நவம்பரிலும் தேர்வு, புரட்டாசி பிறந்தால் சனிக்கிழமை ஒத்திகைக்கு நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆகஸ்ட்தான் தோது, அதற்கு அரங்கத்தை முந்தின வருடமே பிடித்துவிடுங்கள்.