வயதான பேஸ்பால் நட்சத்திரத்தின் ஒப்பந்தச் செய்தியை எப்படிப் படிப்பது?

எனக்கு அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தைவிட, ஆட்டமில்லாத டிசம்பர் மாதத்தில் வீரர்களோடு அணிகள் நடத்தும் ஒப்பந்தப் பேரம்தான் முதலில் பிடித்துப்போனது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு அப்படித்தான். பெரிய வீரர் ஒருவர் கையெழுத்துப் போட்டார் என்று செய்தி வந்தால் ஒரு தாளை எடுப்பேன். வருடத்துக்கு ஒரு வரி. பக்கத்தில் அந்த வருடம் அவருக்கு ஆகும் வயது. அதற்குப் பிறகுதான் சம்பளம். நீங்களும் வயதிலிருந்தே தொடங்குங்கள். தலைப்பில் வரும் மொத்தத் தொகை கண்ணைக் கட்டிவிடும்.

ஆல்பர்ட் பூஹோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பரில் ஏஞ்சல்ஸ் அணி அவருக்கு 10 வருடத்துக்கு 24 கோடி டாலர் தந்தது. முதல் வருடம் வயது 32, சம்பளம் 1.2 கோடி. கடைசி வருடம் வயது 41, சம்பளம் 3 கோடி! அந்தக் கடைசி வருடம், 2021 மே மாதத்தில், அணியே அவரை விடுவித்துவிட்டது. பணம் நிற்காது. பேஸ்பாலில் கையெழுத்தான சம்பளம், ஆடினாலும் ஆடாவிட்டாலும் வந்து சேரும். அதனால்தான் வயதானவர்களிடம் அணிகள் தொகையைவிட வருடக் கணக்கில் கறாராக நிற்கின்றன.

அடுத்து, அந்த வீரரை வேறு எந்த அணி கேட்கிறது என்று பாருங்கள். இதற்கு டெரெக் ஜீட்டரை விட நல்ல பாடம் இல்லை. 2010-இல் யாங்கீஸ் அணியோடு அவருக்கு இருந்த 10 வருட, 18.9 கோடி டாலர் ஒப்பந்தம் முடிந்தது. வயது 36. முந்தைய வருடம் .334 என்று இருந்த மட்டையடிச் சராசரி (பத்து வாய்ப்பில் மூன்றுக்கு மேல் ஹிட்) .270-க்கு இறங்கியிருந்தது. ஆனால் 3000-ஆவது ஹிட்டுக்கு, அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேரும் அடிக்கு, இன்னும் 74 தான் பாக்கி. அதை வேறு அணிச் சட்டையில் அவர் அடிப்பதை யாங்கீஸ் ரசிகன் எவனும் தாங்கமாட்டான். இருபுறமும் பிடி இருந்தது, இருபுறமும் பயமும் இருந்தது.

அணி முதலில் சொன்னது 3 வருடம், 4.5 கோடி. பேரம் பேசும் விதமே புரியவில்லை என்று ஜீட்டரின் ஏஜென்ட் கேஸி க்ளோஸ் வெளிப்படையாகக் குறைப்பட்டார். வேண்டுமானால் சந்தையில் விலை கேட்டுப் பாருங்கள் என்று யாங்கீஸ் ஜெனரல் மேனேஜர் பிரையன் கேஷ்மனும் வெளிப்படையாகவே பதில் சொன்னார். இந்த மாதிரி பேச்சு வெளியே வந்தால் பேரம் முறிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ‘வேறு யாரும் இவ்வளவு தரமாட்டார்கள்’ என்று அணிக்குத் தெரியும் என்பதுதான் அதன் அர்த்தம். ஜீட்டருக்குக் கோபம் வந்தது, விஷயம் வெளியே வந்ததற்காக. ஆனாலும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்: 3 வருடம், 5.1 கோடி.

இப்போது தாளுக்கு வாருங்கள். 2011-க்கு 1.5 கோடி, 2012-க்கு 1.6, 2013-க்கு 1.7. கூட்டினால் 4.8 தான் வருகிறது. மீதி 30 லட்சம் எங்கே?

நான்காவது வருடத்தில் ஒளிந்திருந்தது. 2014-இல் 80 லட்சத்துக்கு ஆடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை ஜீட்டருக்கு. வேண்டாம் என்றால் 30 லட்சம் வாங்கிக்கொண்டு போகலாம். விருது வாங்கினால் அந்த 80 ஏறும் என்றும் எழுதியிருந்தார்கள். 2012-இல் சிறந்த மட்டையாளருக்கான சில்வர் ஸ்லக்கர் விருது வாங்கினார், 95 லட்சம் ஆனது. அதே அக்டோபரில் கணுக்கால் முறிந்தது; 2013-இல் மொத்தமே 17 ஆட்டம். அப்புறம் அணி அந்த 95-ஐத் தள்ளிவைத்து, 2014-க்கு 1.2 கோடிக்குப் புதிதாக ஒரு வருட ஒப்பந்தமே போட்டது. வெறும் கணக்குப் பார்த்தால் இது எனக்கு இன்னும் நேராகவில்லை. பழைய 20 வருடத்துக்கான நன்றி அதில் கலந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

தொகையைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. 10 வருட அனுபவமும் அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியிலும் இருந்தவரை, அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது. ஒப்பந்தத்தில் எழுதாமலே கிடைக்கும் உரிமை இது.

கடைசியாக நிபந்தனைகள். இத்தனை ஹோம் ரன்னுக்கு இவ்வளவு என்று போனஸ் எழுத விதி இடம் தராது. எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்று) வீசினார், என்ன விருது வாங்கினார் என்று எழுதலாம். வயதானவரின் உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு அணிகள் இப்படித்தான் விலை வைக்கின்றன. பந்து வீசுபவரான ஜஸ்டின் வெர்லாண்டர் 39 வயதில் மெட்ஸ் அணியோடு 2 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது, 2024-இல் 140 இன்னிங்ஸ் வீசினால் 2025-க்கு இன்னொரு 3.5 கோடி என்று ஒரு வரி இருந்தது. என் தாளில் அந்த வரியைப் பென்சிலில்தான் எழுதினேன். 2024-இல் அவர் வீசியது 90 சொச்சம்.