கர்ப்ப காலத்தில் விமானப் பயணம்: டிக்கெட் எடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கணவரோடு குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பதற்காக ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ விமானம் ஏறுகிறார்கள். “வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?” என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. சிக்கல் ஏதுமில்லாத கர்ப்பமாக இருந்தால், எப்போதாவது மேற்கொள்ளும் விமானப் பயணம் பொதுவாகப் பாதுகாப்பானதே என்று அமெரிக்காவின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் கூறுகின்றன. தொல்லைகள் பெரும்பாலும் கணக்குத் தவறுவதாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதாலும், காலை மடக்கியபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதாலும் வருகின்றன.

நம் குடும்பங்களில் மிக எளிதாக நேர்வது மாதக் கணக்கை நம்பி டிக்கெட் எடுக்கும் தவறு. மருத்துவரும் விமான நிறுவனமும் கணக்கிடுவது வாரங்களில்; கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் பிரசவ தேதி 40 வாரங்கள், அதாவது 280 நாட்கள். “பத்து மாதம் சுமந்து பெற்றவள்” என்று நாம் சொல்வது நான்கு வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகவே பொருந்துகிறது. ஆனால் நாட்காட்டி மாதம் நான்கு வாரத்தைவிட நீளமானது. அந்தக் கணக்கில் குழந்தை ஒன்பது மாதத்தில் பிறந்துவிடுகிறது. இது போதாதென்று, மாதவிலக்கு கடைசியாக வந்த தமிழ் மாதத்திலிருந்து எண்ணும் வீடுகளும் உண்டு, நாள் தள்ளிப்போன மாதத்திலிருந்து எண்ணும் வீடுகளும் உண்டு. ஆகவே “ஒன்பதாம் மாதம் நடக்கிறது” என்று அம்மா தொலைபேசியில் சொல்வது ஒரு வீட்டில் 33ஆம் வாரத்தைக் குறிக்கும், இன்னொரு வீட்டில் 38ஆம் வாரத்தைக் குறிக்கும். முதலாமவரை விமானத்தில் ஏற்றிக்கொள்வார்கள். இரண்டாமவரைப் பெட்டியோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். வளைகாப்புக்கு நல்ல நாள் குறிக்கும் முன்பு, மருத்துவரின் குறிப்பேட்டில் உள்ள பிரசவ தேதியைப் பார்த்து, பயண நாளன்று எத்தனை வாரம் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எழுதிவைத்துக்கொள்வது இந்தக் குழப்பத்தை முழுவதுமாகத் தீர்த்துவிடும். தொடக்க கால ஸ்கேனுக்குப் பிறகு மருத்துவர் தேதியைத் திருத்தியிருந்தால், திருத்திய தேதியே கணக்கு.

பொதுவாக விமான நிறுவனங்கள் 28 வாரம் வரை சான்றிதழ் கேட்பதில்லை. அதற்குப் பிறகு மருத்துவரின் “ஃபிட் டு ஃப்ளை” சான்றிதழ் வேண்டும். ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரம் வரையிலும், இரட்டைக் குழந்தைகள் என்றால் 32 வாரம் வரையிலும் ஏற்றிக்கொள்வது பரவலான வழக்கம். 37 வாரத்துக்குப் பிறகு வலி எந்த நாளிலும் தொடங்கலாம், இரட்டையர் அதற்கும் முன்னதாகவே பிறந்துவிடக்கூடும், நடுவானில் பிரசவம் பார்ப்பதற்கான வசதி கிடையாது. இந்த வரம்புகளுக்கு இவைதான் காரணம். ஆனால் எந்த வாரத்திலிருந்து சான்றிதழ் தேவை, அது பயணத்துக்கு எத்தனை நாள் முன்பு வாங்கியதாக இருக்க வேண்டும், நிறுவனத்தின் தனிப் படிவத்தில்தான் நிரப்ப வேண்டுமா என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. நடுவழியில் வேறொரு நிறுவனத்தின் விமானத்துக்கு மாறுபவர்கள் இரண்டின் விதிகளையும் பார்க்க வேண்டும். சான்றிதழில் வார எண்ணிக்கை, பிரசவ தேதி, ஒற்றைக் குழந்தையா இரட்டையா, சிக்கல் ஏதுமில்லை, பயணம் செய்யத் தகுதியானவர் என்ற ஐந்தும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் பழைய சான்றிதழை நீட்டுவதால் பயன் இல்லை.

திரும்பிவரும் நாளை மறந்துவிடுவது இதோடு ஒட்டிய தவறு. தங்கையின் திருமணத்துக்காக 31ஆம் வாரத்தில் ஊருக்கு வருபவர், கையோடு சீமந்தத்தையும் முடித்துக்கொண்டு ஐந்து வாரம் கழித்துத் திரும்பலாம் என்று நினைத்தால், வரம்பின் விளிம்பில்தான் விமான நிலையம் போய்ச் சேருவார். மழையாலோ உடல்நலத்தாலோ சில நாள் தள்ளிப்போனால் பிரசவம் இங்கேதான். வந்த இடத்திலேயே பிரசவம் நேர்ந்தால் எந்த மருத்துவமனை, செலவு யாருடையது, காப்பீடு பிரசவத்தை ஏற்குமா என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். பயணக் காப்பீடுகளில் பல பிரசவச் செலவை ஏற்பதில்லை.

தளர்வான உடை உடுத்தி வயிற்றை மறைத்து, வாரத்தைக் குறைத்துச் சொல்லி ஏறிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் சிறியதல்ல. இருந்தாலும் பனிக்குடம் உடைந்தாலோ இரத்தப்போக்கு தொடங்கினாலோ, அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கி மருத்துவமனை போய்ச் சேரும்வரை தாய்க்கும் பிள்ளைக்கும் கிடைக்கும் உதவி மிகக் குறைவு என்பதை அந்தக் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்டை வீட்டுப் பெண் எட்டு மாதத்தில் போய்வந்தாள் என்பதற்காக எல்லாரும் போகலாம் என்று முடிவுசெய்வதும் தவறு. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மறைத்திருப்பவர்கள், அண்மையில் இரத்தப்போக்கு கண்டவர்கள், கர்ப்பகால இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர்கள், கடுமையான இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் பறக்கக் கூடாது. இவற்றோடு இரத்தச்சோகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம்மிடையே அவ்வளவு பரவலாக இருக்கிறது: 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. இலேசான சோகை பயணத்துக்குத் தடையில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், டெசிலிட்டருக்கு 7.5 கிராமுக்கும் கீழே போயிருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்து, முதலில் சோகைக்குச் சிகிச்சை பெற வேண்டும்.

சோகைக்கும் விமானத்துக்கும் உள்ள தொடர்பு காற்றழுத்தத்தில் இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல இருக்காது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அழுத்தத்துக்கே அது சரிசெய்யப்படுகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் இருக்கிறது என்பதால், உதகையில் சில மணி நேரம் உட்கார்ந்திருப்பதோடு இதை ஒப்பிடலாம். தாயின் இரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். ஆனால் சிசுவின் ஹீமோகுளோபின், தாயினுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. அதனால் உடல்நலமுள்ள தாயின் பிள்ளைக்கு இந்தக் குறைவால் பாதிப்பு வருவதில்லை. தாயின் இரத்தமே மெலிந்திருக்கும்போதுதான் இந்தச் சிறு குறைவும் சுமையாகிறது.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் வேறொரு கவனம் தேவை. முதல் மூன்று மாதங்களில் கரு கலைந்துபோனால், அந்த வாரத்தில் விமானம் ஏறியதே காரணம் என்று பெண்ணைக் குற்றம் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த மாதங்களில் கருச்சிதைவு பயணம் செய்யாதவர்களுக்கும் நேர்கிறது. விமானப் பயணம் அதை உண்டாக்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. அந்தப் பழியை யாரும் சுமக்க வேண்டாம். ஆனால் கரு கர்ப்பப்பைக்குள்தான் தங்கியிருக்கிறது என்று ஸ்கேன் மூலம் உறுதிசெய்யாமல் நீண்ட பயணம் புறப்படுவது ஆபத்து. கருக்குழாயில் தங்கிய கரு வளர்ந்து குழாய் வெடித்தால், உடனடி அறுவைச் சிகிச்சை இல்லாமல் உயிரைக் காப்பது கடினம்.

அச்சப்பட வேண்டாதவற்றுக்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதை விட்டுவிடுவதும் நடக்கிறது. விமான நிலையத்தின் உலோகம் கண்டறியும் வாசல் எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவதில்லை. வானிலிருந்து வரும் கதிர்வீச்சு உண்மைதான்; ஆனால் லண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் நீண்ட பயணத்திலேயே அது 0.05 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குள் அடங்குகிறது. பொதுமக்களுக்கான பரிந்துரை வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வான்வழிகளில் பூமியின் காந்தப்புலம் இந்தக் கதிர்களை இன்னும் அதிகமாகத் தடுக்கிறது. விமானப் பணிப்பெண்களும், வேலைக்காக ஓயாமல் பறப்பவர்களும் மட்டுமே இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது காலில் உறையும் இரத்தம். கர்ப்ப காலத்தில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. பெருத்த கர்ப்பப்பை இடுப்பின் சிரைகளை அழுத்துவதால் காலிலிருந்து இரத்தம் மேலேறுவது மெதுவாகிறது. இந்த நிலையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால், கெண்டைக்காலின் ஆழத்தில் கட்டி உருவாகி, அது பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே உலை வைக்கலாம். சென்னையிலிருந்து துபாயோ சிங்கப்பூரோ செல்வதே ஏறத்தாழ நான்கு மணி நேரம். லண்டன் செல்ல பத்து மணி நேரத்துக்கும் மேல். பக்கத்தில் இருப்பவரை எழுப்பச் சங்கடப்பட்டு, கழிவறைக்குப் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரையே குடிக்காமல் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பெண்தான் இந்த ஆபத்துக்கு மிக அருகில் இருக்கிறார். நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்குவதும், அடிக்கடி எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், அளவெடுத்து வாங்கிய அழுத்தக் காலுறையை அணிவதும் எளிய காவல்கள். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆஸ்பிரினை வாங்கி விழுங்குவது கூடாது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை இந்த அபாயம் தொடர்வதால், கைக்குழந்தையோடு திரும்பும் தாய்க்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

இருக்கை வார்ப்பட்டையை வயிற்றின் மேல் கட்டாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிக் கட்ட வேண்டும். இருக்கையில் உள்ள நேரம் முழுவதும் கட்டியே வைத்திருங்கள். உயரத்தில் குடலின் வாயு விரியும் என்பதால் பயணத்துக்கு முன் மொச்சை, கொண்டைக்கடலை, சோடா கலந்த பானங்கள் வேண்டாம். மாத்திரைகளும் இன்சுலினும் ஸ்கேன் அறிக்கைகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கில் போட்ட பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவதும் உண்டு.

அடிவயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ கூச்சப்படாமல் பணிப்பெண்ணை உடனே அழையுங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பயண அலுப்பு என்று படுத்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.