மாலத்தீவு வகுப்பில் பேச்சை வரவழைத்த சூரை

பாளையங்கோட்டையிலிருந்து மாலத்தீவுக்கு ஆங்கில ஆசிரியராகக் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அங்கே பாடமொழியே ஆங்கிலம்தான். ஆனாலும் என் வகுப்பில் கேள்வி கேட்டால் எல்லாத் தலையும் குனிந்துவிடும். சரி, நன்றாகத் தெரிந்ததையே பேசட்டும் என்று, சூரை மீன் (டூனா) பிடிப்பது எப்படி என எனக்குச் சொல்லித்தரச் சொன்னேன்.

ஒரு பையன் எழுந்து பென்சிலைத் தூண்டில் கம்பு மாதிரிப் பிடித்துக் காட்டினான். முதலில் உயிருள்ள சிறுமீன்களை வீசி, தண்ணீரைப் பீய்ச்சி, சூரைக் கூட்டத்தை மேலே வரவைக்க வேண்டும். தூண்டில் முள்ளில் மீனைக் கழலவிடாமல் பிடிக்கிற எதிர்முள் இருக்காது. சுண்டி இழுத்தால் மீன் தானாகக் கழன்று படகில் விழும். இலக்கணம் தடுமாறியது, பேச்சு நிற்கவே இல்லை. மற்ற பிள்ளைகளும் குறுக்கே புகுந்து திருத்தினார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் விற்கிற மாசிக் கருவாடு உங்கள் சூரைதான் என்றேன். அத்தனை முகமும் மலர்ந்தது. அப்புறம் வாரம் ஒரு வகுப்பை அவர்களிடமே விட்டேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தேங்காயும் முருங்கையும் அங்கே உண்டு. பாசிப்பருப்பு கொண்டுபோனால் சொதி வைக்கலாம். வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு பள்ளி உண்டு. அதனால் அம்மாவிடம் ஆற அமரப் பேசுவதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன்.