கைக்குழந்தையோடு கொடைக்கானலில் டென்ட் போடப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்கு ஓர் ஆசை உண்டு: நாம் பள்ளி விடுமுறையில் சுற்றித் திரிந்த மலையில் பிள்ளையை ஒரு ராத்திரியாவது தூங்கவைக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் எட்டு மாதக் குழந்தையோடு கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் மன்னவனூருக்குப் போனோம். என்ன துணி எடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஊரில் இறங்கியபின் வருகிற தொல்லைகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டியில் போக எடுக்கவேண்டிய நுழைவு அனுமதி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். ஆன்லைனில் சட்டென்று கிடைத்துவிடும். வண்டி நம்பர், தேதி, ஆள் கணக்கு எல்லாம் கேட்பார்கள். அதனால் சொந்தக்காரர்கள் பேசி முடிக்கும்வரை பாஸ் எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பேசி முடிக்கவேண்டிய ஆள் அத்தை. "மொட்டை போடாத பச்சப்புள்ளைய மலைக்குக் கொண்டுபோவியா? கருப்பசாமிக்கு முடி குடுத்துட்டு எங்க வேணா போ" என்றார். சரி, ஒரு காலைப்பொழுது வேலைதானே என்று தலையாட்டினேன். கோயில் சாவி பூசாரியிடம், பூசாரி மகள் வீட்டில், மகள் வீடு திருப்பூரில். அவர் வந்தால், வெள்ளிக்கிழமை தவிர கதவைத் திறக்க மாட்டேன் என்றார். பங்காளிகளுக்குச் சொல்லாமல் செய்யக்கூடாது. சொன்னால் கெடா வெட்டாமல் முடியாது. தாய்மாமன் துபாயில். அவர் இடத்தில் யார் மடியில் உட்காரவைப்பது என்று இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல். டென்டுக்குக் கட்டிய முன்பணம் திரும்பாது என்று சொன்னேன். "ஊர்லயே இருந்திருந்தா மூணாம் மாசமே போட்டிருப்போம், எதுக்கு இந்தப் பேச்சு" என்று அத்தை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. என்னை வளர்த்தவர். என் பிள்ளையை அதுவரை செல்போனில்தான் பார்த்திருந்தார்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை மொட்டை, மத்தியானம் கறிச்சோறு, மூன்று மணிக்கு மலையேற்றம். காரில் போக இருந்தது வேனாக மாறியது, பாஸ் மறுபடியும் எடுத்தோம். குழந்தையின் தலையில் சந்தனம் காயக்கூட இல்லை. குல்லா போட்டால் சந்தனம் கலைந்துவிடும் என்று ஏற்காடு எஸ்டேட் சித்தப்பா வேறு தடுத்தார். டிசம்பர், ஜனவரியில் மேல்மலையில் உறைபனி விழும். ராத்திரி பதினோரு மணிக்கு டென்டுக்குள் அந்த மொட்டைத் தலையைத் தொட்டால் ஐஸ். அப்புறம் மூக்கடைப்பு, விடாத அழுகை. விடியும்வரை வேனில் ஹீட்டர் போட்டு மாறி மாறித் தூக்கிக்கொண்டிருந்தோம். மொட்டைக்கும் மலைக்கும் நடுவே ஒரு வாரமாவது விடுங்கள். முடியாதென்றால் மன்னவனூர் போகிற வழியில் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் இருக்கிறார். மலையிலிருந்து இறங்கும்போது அவருக்கே முடி கொடுப்பதாக வேண்டிக்கொள்ளச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப்பாருங்கள். முருகன் என்றால் கொஞ்சம் இளகுவார்கள்.

குளிருக்கு அடுப்புக்கரியை டென்டுக்குள் கொண்டுவந்து வைக்க யாராவது வருவார்கள். விடாதீர்கள். கரியிலிருந்து வரும் நச்சுவாயு வாசமே இல்லாமல் ஆளைக் கொல்லும். குழந்தையைப் பெரியவர்களுக்கு நடுவே கனத்த கம்பளிக்குள் போட்டும் தூங்கவைக்காதீர்கள். துணியை அடுக்காகப் போடுங்கள். வழியெல்லாம் மலைத்தேன் விற்பார்கள், "நாக்குல ஒரு சொட்டு" என்று பாட்டிமார் விரலை நீட்டுவார்கள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கும் கிருமியால் நரம்பைத் தளர்த்தும் நோய் வரலாம். டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாது.

பால் கலக்கத் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூல். பெரிய எவர்சில்வர் பிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர் எடுத்துப்போங்கள்.

டென்ட் இடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அனுமதியில்லாதவை நிறைய. காட்டுமாடு ஊருக்குள்ளேயே உலாவுகிற மலை அது. வேலியில்லாத இடம் வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிவது (முன்பு சி படிவம் என்பார்கள்) தங்கவைப்பவரின் கடமை, கைக்குழந்தைக்கும் சேர்த்து. அப்படியொரு பதிவையே கேள்விப்படாதவரிடம் தங்காதீர்கள்.

முக்கியமாக, டிரைவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. ராத்திரி பேட்டா பேசி, அவர் படுக்கவும் ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.